அந்தப் பாலத்துக்கு முன்னால் ஏன் இறங்கச் சொன்னேன்

போன வாரம் நான் நம் பயண அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, அடுத்த மாசம் மொத தடவையா பேங்காக்குக்கு ஆளுங்கள கூட்டிட்டுப் போறேன். கால்வாய் படகுப் பயணத்த எந்த நாள்ல வைக்கிறது?"

"கடைசி நாள்ல மட்டும் வைக்காதம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு அந்தப் பதில் போதாது என்று பட்டது. காரணம் தெரியாத யோசனை நெருக்கடியில் யாருக்கும் நினைவுக்கு வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். மலை மேல் பிரிஞ்சாங்கில் சந்தைக்கு எதிரே, கடைக்கு மேலே ஒரு அறைதான் அப்போது நம் அலுவலகம். பஸ் டிக்கெட் விற்போம். தைப்பூசத்துக்குப் பினாங்குக்கும் பத்துமலைக்கும் ஆட்களை ஏற்றிப் போவோம். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள். வெளிநாட்டுப் பயணம் என்று ஒன்றை அவர்கள் கேட்டதே இல்லை, முத்தையா கங்காணி வந்து கேட்கும் வரை.

முத்தையா கங்காணி தானா ராத்தாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஆட்களுக்குத் தலைவர். யார் எந்த மலைச் சரிவில் பறிக்க வேண்டும் என்று காலையில் அவர்தான் பிரித்து அனுப்புவார். உயரமான ஆள், உரத்த குரல். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மாடி ஏறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, தண்ணியிலயே சந்தை நடக்குற ஊருக்குப் போவணும்."

கீழே முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. கால்வாய் நிறையப் படகுகள், படகு நிறையப் பழங்கள், துடுப்புப் போடுவது எல்லாம் பெண்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஆசை கிளம்பியிருக்கிறது. முதலில் ஆசைப்பட்டவர் பொன்னம்மா அக்கா. கங்காணியின் கீழே கொழுந்து பறிப்பவர், ஐம்பதை நெருங்கிய வயது. "பொம்பளைங்களே படகு ஓட்டுறாங்களாம், நாம போய்ப் பார்க்க வேணாமா?" என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்தது அவர்தான்.

ஒரு வருடத்துக்கு மேல் திட்டம் போட்டோம். தாப்பாவுக்கு மலை இறங்கி, அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கே மாறி எல்லை தாண்டி பேங்காக். மூன்று பகல் அங்கே. மூன்றாம் நாள் பிற்பகல் ரயிலைப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மலை ஏறிவிடலாம். திங்கள் காலை அவர்கள் பெரட்டில் நிற்க வேண்டும். பெரட்டு என்றால் வேலைக்கு முன் ஆள் எண்ணும் வரிசை. தோட்ட மேலாளரான துரை விடுப்புக் கொடுத்தபோது அதை மட்டும்தான் அழுத்திச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் அப்போது நேரம் சரியில்லை. கையால் பறிப்பதற்குப் பதிலாகக் கத்தரி வைத்து வெட்டும் முறை வந்துகொண்டிருந்தது. ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் இருந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கால்வாயை நான் இரண்டாம் நாளில்தான் வைத்திருந்தேன். அன்று விடாத மழை. அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த தாய்லாந்துக்காரர், ஆங்கிலம் பேசுவார், "இன்று வேண்டாம்" என்று கையை விரித்துவிட்டார். மூன்றாம் நாள் காலை வெயில் அடித்தது. படகுப் பயணத்தை விட்டுவிடலாம், பிற்பகல் ரயில் இருக்கிறது என்றேன்.

கங்காணி என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான வந்தோம், தங்கச்சி. இத விட்டுட்டு ஊருக்குப் போயி என்னத்த சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நண்பகலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தேன்.

ஆற்றுக்கு மேற்கே, தோன்புரி பக்கம், பழைய கால்வாய்கள். பேங்காக்கில் ஒரு காலத்தில் தெரு என்றாலே தண்ணீர்தான் என்பார்கள். அந்தக் காலத்து நகரம் அங்கேதான் மிச்சம் இருந்தது. இரண்டு படகு எடுத்தோம். ஒடுங்கிய நீளமான படகுகள்; பின்னால் வால் போல ஒரு நீண்ட கம்பி, அதன் நுனியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி. வழி காட்ட வேண்டும் என்பதால் வழிகாட்டி முதல் படகில் ஏறினார். நான் இரண்டாவதில். என் படகில் கங்காணி, பொன்னம்மா அக்கா, அவர் வீட்டுக்காரர் சின்னசாமி, இன்னும் சிலர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொழி தெரிந்தவரைக் கடைசிப் படகில் உட்கார வையுங்கள். முன்னால் போகிற படகு எப்படியும் போய்விடும். சிக்கிக்கொள்வது பின்னால் வருகிற படகுதான். பேச்சு தேவைப்படுவது அங்கேதான்.

சந்தையைப் பார்த்தார்கள். நாட்காட்டிப் படத்தைவிடச் சத்தமும் நெரிசலும் அதிகம். பொன்னம்மா அக்கா ஒரு கிழவியிடம் ரம்புத்தான் வாங்கினார். அந்தக் கிழவி தாய்லாந்து மொழியில் பேச, இவர் தமிழில் பேச, இரண்டு பேரும் சிரிக்க, படகே சிரித்தது. அக்கா படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் சின்னசாமி கையை விடவே இல்லை. "கல்யாணத்தன்னைக்குப் புடிச்ச கை லா, இன்னும் விடல" என்று மற்ற பெண்கள் கேலி செய்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும்போது எங்கள் படகின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. படகோட்டி கம்பியைத் தூக்கி, வேரை வெட்டி வெட்டி எடுத்தான். முதல் படகு எங்களுக்கு முன்னால் வளைவில் திரும்பி மறைந்தது. வேர் எடுத்து முடிந்து நாங்கள் கிளம்பியபோது தண்ணீரின் போக்கு மாறியிருந்தது. காலையில் எங்களுக்கு எதிராக ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது ஆற்றிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் கால்வாய் ஏறும். முந்தின நாள் மழைத் தண்ணீரும் வடிய இடமில்லாமல் சேர்ந்துகொண்டது. மலையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் தண்ணீர் கீழே மட்டும்தான் ஓடும்.

வளைவைத் தாண்டியதும் அந்தப் பாலம் வந்தது. காலையில் அதன் கீழே உட்கார்ந்தபடியே வந்திருந்தோம். தலைக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது. இப்போது பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நீண்ட இருட்டுப் பிளவுதான் தெரிந்தது. பிளவின் நடுவில், பாலத்தின் அடியோடு ஒரு தடித்த தண்ணீர்க் குழாய் போனது. குழாயில் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

படகோட்டி பக்கத்து வீட்டுப் படித்துறைத் தூணை ஒரு கையால் பிடித்துப் படகை நிறுத்தினான். மேலே இருந்த துணிப் பந்தலைக் கழற்றிச் சுருட்டினான். பிறகு எங்களைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, முழங்கால் வரை குனிந்து காட்டினான்.

"குனியச் சொல்றான் லா!" என்று ஒரு பெண் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துக்கொண்டு, பலகைகளுக்கு நடுவே உடம்பை மடக்கி ஒத்திகை பார்த்தார்கள். படகின் குறுக்கே வரிசையாகப் பலகைகள். நீட்டிப் படுக்க இடமில்லை. மார்பு முழங்காலைத் தொடுகிற அளவுக்கு மடங்கினால்தான் தலை தப்பும்.

எனக்கு முன்னால் பொன்னம்மா அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு தடவ குனிஞ்சு பாருங்க" என்றேன்.

அவர் கழுத்தைத் திருப்பவில்லை. தோளோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பி, உதடு மட்டும் அசையச் சொன்னார்: "முடியாது தங்கச்சி. இடுப்பு மடங்காது."

"என்னக்கா சொல்றீங்க?"

"போன வருசம் சரிவுல விழுந்தேன். அதுலேர்ந்து இப்படித்தான். நின்னு பறிக்கிறதால யாருக்கும் தெரியல. கூடைய இவருதான் தூக்கி மாட்டி விடுவாரு." கங்காணி இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். "அவருக்குத் தெரிஞ்சா மலைய விட்டு எறக்கிருவாங்க. வீடும் போயிரும். வாயத் தொறந்துராத தங்கச்சி. நான் எப்படியாச்சும் மடங்கிக்கிறேன்."

எப்படியாச்சும். அவர் மடங்கமாட்டார், குழாய் வரும்போது சின்னசாமி அவர் தலையைப் பிடித்து அழுத்துவார், அவர் கத்தமாட்டார். எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. எதிரே இருந்த படித்துறையில் நாங்கள் வந்தபோது வெளியே தெரிந்த ஒரு படி இப்போது தண்ணீருக்குள் போயிருந்தது.

என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன். அவரையும் சின்னசாமியையும் மட்டும் இறக்கி, கரை வழியாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போகலாம். அப்படிச் செய்தால் ஏன் அவர் மட்டும் என்று கங்காணி கேட்காமல் இருக்கமாட்டார். சில பேரைச் சேர்த்து இறக்கலாம் என்று தோன்றியது. யார் யாரை, என்ன சொல்லி? ஒரு நல்ல பொய்யை யோசிக்கத் தண்ணீர் நேரம் கொடுக்கவில்லை. எல்லோரும் இறங்கினால் யார் மீதும் கண் விழாது.

"எல்லாரும் எறங்குங்க" என்றேன். "படகு காலியா போகட்டும். நாம கரையில நடந்து அந்தப் பக்கம் போயி ஏறிக்கலாம்."

சிரிப்பு நின்றது. கங்காணி எழுந்தார். படகு ஆடியது.

"எதுக்கு எறங்கணும்?"

"தண்ணி ஏறிட்டு வருது அண்ணே. கொழாய் தாழ்வா இருக்கு."

"அவன் தெனம் போறவன். அவனே போலாங்கிறான். மொதப் படகு போயிருச்சு இல்ல? தலைய குனிஞ்சா ஒரு நிமிசத்துல அந்தப் பக்கம். ரயிலு இருக்கு தங்கச்சி. இவங்கள நாளான்னைக்கு பெரட்டுல நிப்பாட்டலன்னா துரைகிட்ட பதில் சொல்றது நீயா?"

"அண்ணே, எறங்குங்க."

"நான் எறங்க மாட்டேன். எறங்குறவங்க எறங்கட்டும். என் பாஸ்போர்ட்ட குடு. நான் இவனோட போயி ரயிலு புடிச்சுக்கிறேன்."

எல்லோருடைய பாஸ்போர்ட்டும் என் பையில் இருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். தொலையாமல் இருக்க நாங்களே வைத்துக்கொள்வோம். கொடுத்தால் கங்காணியோடு பாதிப் பேர் படகிலேயே இருந்துவிடுவார்கள். இருக்கிறவர் யார், இறங்குகிறவர் யார் என்று பிரியும். பொன்னம்மா அக்கா இறங்கமாட்டார். கங்காணி பார்த்துக்கொண்டிருக்கும்போது நிச்சயமாக இறங்கமாட்டார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படித்துறையில் கால் வைத்தேன். "பாஸ்போர்ட் இதுல இருக்கு அண்ணே. நான் எறங்கிட்டேன்."

அவர் முகம் கறுத்தது. என்னைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர், ஒரு மலைக்கே ஆள் பிரித்து அனுப்புகிறவர். அவருடைய ஆட்களுக்கு முன்னால், புடவை நனைந்து நிற்கிற ஒரு பெண் அவரைக் கட்டிப்போட்டுவிட்டாள். கங்காணி இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

படகோட்டி எங்களை ஒரு மாதிரி பார்த்தான். தோளைக் குலுக்கிக்கொண்டு, படகின் அடியில் சாய்ந்து படுத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பாலத்துக்குள் நுழைந்தான். என்ஜின் சத்தம் உள்ளே போய் மிரட்டியது. சற்று நேரத்தில் அந்தப் பக்கம் வெயிலில் படகு வெளியே வந்தது. படகோட்டி எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தான்.

கங்காணி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "காலிப் படகு மேலாக்க மெதக்கும். அதுவே போயிருச்சு. நாம இருந்தா இன்னும் தாழ்ந்துல்ல இருக்கும்?"

அவர் சொன்னது சரி.

கரை வழியாக நடப்பது நான் நினைத்ததுபோல் இல்லை. வீடுகளுக்கு முன்னால் பலகை நடைபாதை. பாதிப் பலகை தண்ணீருக்குள் முழுகியிருந்தது. காலால் தடவித் தடவிப் போனோம். வீட்டுக்காரப் பெண்மணி ஒருத்தி எங்கள் நிலையைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் தென்னந்தோப்பு வழியாகப் போகும்படி கையால் காட்டினாள். தோப்பில் ஒரு வாய்க்கால் குறுக்கே வந்தது. அதன் மேல் ஒரு தென்னை மரத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள், பிடிக்கக் கயிறுகூட இல்லாமல்.

கங்காணி முதல் ஆளாகத் தாண்டினார். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். பொன்னம்மா அக்கா மரத்தின் முனையில் நின்றுவிட்டார். நிலை தவறினால் வளைந்து நெளிந்து சமாளிக்கிற உடம்பு அவருடையது இல்லை. அவரைப் படகிலிருந்து இறக்கிக் காப்பாற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று நினைத்தேன்.

எங்கள் பின்னாலேயே வந்த அந்தப் பெண்மணி திரும்பிப் போய், ஒரு குட்டிப் படகை வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். சின்னசாமி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தாங்கி, ஒரு மரக்கட்டையை இறக்குவதுபோல் அக்காவைப் படகில் இறக்கி உட்கார வைத்தார்கள். எதிர்க்கரையில் கங்காணி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று திரும்பி மற்றவர்களை விரட்டினார்: "என்ன வேடிக்க? நடங்க, நடங்க!" அவருடைய கோபம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் படகை அடைந்து, ஆற்றைக் கடந்து, வண்டி பிடித்து, நெரிசலில் மாட்டி, ரயில் நிலையத்துக்குள் ஓடியபோது தண்டவாளம் காலியாக இருந்தது. முதல் படகில் வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நடைமேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் அவர்களும் ஏற முடியவில்லை. மறுநாள்தான் அடுத்த ரயில். அதில் போனால் திங்கள் மாலை. ஒரு பெண் என்னைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள்.

"ஏன் லேட்டு? என்னா ஆச்சு?" என்று எல்லோரும் கங்காணியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாலத்துக்கு அடியில போவ பயந்துகிட்டு தங்கச்சி எறக்கி விட்டுருச்சு. காலிப் படகு அது பாட்டுக்குப் போயிருச்சு" என்றார் அவர்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பொன்னம்மா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வரி. அதைச் சொன்னால் எல்லோர் கோபமும் ஆறிவிடும். என் பெயரும் தப்பும். திங்கட்கிழமையோ, அடுத்த மாதமோ, அந்த வரி தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேரும். இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். பயணியின் உடம்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ உங்களுக்குத் தெரிந்த ஒன்று உங்களைக் காப்பாற்றக்கூடியதாக இருக்கும். அது உங்களுடையது இல்லை. அழுகிற அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆமாம்மா, நான்தான் எறக்கினேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டியிருந்தது, அதுவே எனக்கு உதவியாக இருந்தது. இங்கேயே தங்கி மறுநாள் ரயிலில் போகலாம் என்றார்கள் சிலர். அவர்கள் களைத்திருந்தார்கள். ஆனால் பெரட்டுக்குப் பிந்துவது வேறு, ஒரு நாள் முழுக்க வராமல் இருப்பது வேறு. பஸ்ஸில் எல்லைக்குப் பக்கத்து ஊரான ஹாட்யாய் வரை போய், அங்கிருந்து வாடகைக் கார்களில் எல்லையைத் தாண்டினால் திங்கள் காலையே மலை ஏறிவிடலாம். வழிகாட்டியை அனுப்பி பஸ்ஸில் இடம் பிடித்தேன். பஸ் ஏறும் முன் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் யாருடைய பாஸ்போர்ட்டையும் என் பையில் வைத்துக்கொண்டதில்லை.

தெற்கே சாலையில் வெள்ளம். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. எல்லைக் கதவு மூடுகிற நேரத்துக்குப் போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள். தாப்பாவில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்து மலை ஏறினோம். தோட்டத்து வாசலில் இறங்கியபோது பெரட்டு எப்போதோ முடிந்திருந்தது. சரிவில் ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசுக்குப் போய் துரையிடம் நானே சொல்வதாக இருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். கங்காணி வாசலில் என்னை மறித்தார்.

"நீ வர வேணாம். இது எங்க ஆளுங்க விசயம்."

என்ன சொன்னாரோ தெரியாது. அன்றைய கூலியைப் பிடித்தார்களாம்; கங்காணிக்கு நல்ல திட்டாம். யாருக்கும் வேலை போகவில்லை. அதன் பிறகு கங்காணி என்னோடு பேசவில்லை. பிரிஞ்சாங் சந்தையில் எதிரே வந்தால் முட்டைக்கோஸ் குவியலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார்.

எங்கள் முதலாளி நியாயமான மனிதர். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிற. ஏன்னு சொல்லாத ஆள நான் எப்படி மறுபடி அனுப்புறது?"

அவரும் கீழே அதே சாப்பாட்டுக் கடையில், தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியோடு ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர். இங்கே சொன்னது அங்கே போய்விடும் என்று சொல்லாமலேயே விட்டேன். ரொம்ப நாள் டிக்கெட் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதை மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். மனசு கசந்தது. பொன்னம்மா அக்கா மேல்கூட ஒரு நேரம் கோபம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

சில வருடங்கள் கழித்து அவர் வந்தார். வேலையை விட்டுவிட்டு ஈப்போவில் மகளோடு இருக்கப் போவதாகச் சொன்னார். சின்னசாமி கீழே சாமான் லாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்த டூர் முடிஞ்சு வந்ததுலேர்ந்து எனக்கு நல்ல நேரம் தங்கச்சி" என்றார். "ரோட்டோரத்துச் சமவெளி வரிசையே எனக்கு விழுந்துச்சு. சரிவு ஏறவே இல்ல. இப்ப வீட்டையும் ஒப்படச்சாச்சு. இனிமே கங்காணிகிட்ட சொல்லலாமா? ஒன்னைப் பத்தி அவரு பேசுறப்பல்லாம் எனக்கு நெஞ்ச அறுக்குது."

"உங்க இஷ்டம் அக்கா."

அதற்கு அடுத்த வாரம் மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம் கேட்டது. முத்தையா கங்காணி. தலை நரைத்திருந்தது. என் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொன்னம்மா வந்து சொல்லிச்சு" என்றார்.

கையிலிருந்த டிக்கெட் கட்டை மேசையில் வைத்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும் தங்கச்சி. அந்தத் தோப்பு வாய்க்கால்ல, கட்டைய எறக்குற மாதிரி எறக்குனீங்களே, அப்பவே தெரியும். ஊருக்கு வந்த மறுநாளே அத ரோட்டோர வரிசைக்கு மாத்துனேன். அதுவா விழுந்துச்சுன்னு நெனச்சிருக்கு."

நான் கேட்டேன்: "தெரிஞ்சும் ஏண்ணே எங்கூட பேசல?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "படகுல அத்தன பேரு. அந்தப் பொம்பள வந்து மூணு நாள் பழகுன ஒன்கிட்ட சொல்லுது. இருவது வருசமா கூட நிக்கிற என்கிட்ட மறைக்குது. நீயும் மறைக்கிற. நான் அவ்வளவு கெட்டவனா? அத யோசிச்சா ஒன் மூஞ்சியப் பார்க்கவே புடிக்கல. அப்புறம் அந்த பாஸ்போர்ட்டு. என் ஆளுங்க முன்னால பையத் தூக்கி மாட்டிகிட்டு நின்ன பாரு. அது சரியில்ல தங்கச்சி. இன்னிக்கும் சொல்றேன், அது சரியில்ல."

மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் சமாதானமாகிப் போயிருப்பார். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் பொன்னம்மா அக்காவை வரிசை மாற்றிக் காப்பாற்றுகிற ஆள் என்று அந்தப் படித்துறையில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தண்ணீர் விடவில்லை.

"அண்ணே, நாளைக்கே அதே எடத்துல நின்னாலும் நான் அதையேதான் செய்வேன்" என்றேன்.

முத்தையா கங்காணி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"செய்யி" என்றார். "நானும் அதே சண்டதான் போடுவேன்."

பிறகு கீழே குரல் கொடுத்து இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.